ஜப்பான் கூப்பேக்கு டயர் வாங்குமுன் கதவைத் திறந்து பாருங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இதுதான். 2013ஆம் ஆண்டு டொயோட்டா 86, இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கூப்பே, ஜீடீ கிரேட், ஜப்பானில் இருந்து ரீகண்டிஷனாக வந்தது. இவர் மூன்றாவது சொந்தக்காரர். நான்கு டயரும் முடிந்துவிட்டன. ஒரு கடையில் 18 அங்குல அலோய் வீலோடு 225/40 போடச் சொல்கிறார்கள். இன்னொரு கடையில் ஜப்பானில் இருந்து வந்த பழைய டயர், "புதுசு மாதிரித்தான்", பாதி விலை. லண்டனில் இருக்கும் மாமா போனில், "ஈ மார்க் இல்லாத டயர் போடாதே, பிடிபட்டால் தொலைந்தாய்" என்கிறார். எது சட்டப்படி சரி? பொலிஸ் பிடிக்குமா? காப்புறுதியில் சிக்கல் வருமா?

கடைசி இரண்டு கேள்விகளில் இருந்து தொடங்குகிறேன். நான் இருபது வருடத்துக்கு மேல் காப்புறுதிக்காக விபத்து வாகனங்களைப் பார்வையிட்டு அறிக்கை எழுதியவன். காலி வீதியில் மறிக்கிற பொலிஸ்காரர் உங்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதி அட்டையையும் வருமான அனுமதிப்பத்திரத்தையும்தான் பார்ப்பார். சைலன்சர் சத்தம் கூடியிருந்தால் அதைக் கேட்பார். குனிந்து டயரின் பக்கச்சுவரை வாசிக்கிற பொலிஸ்காரரை நான் மிக அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். 2008இல் வந்த புகைப் பரிசோதனையும் புகையைத்தான் அளக்கும், டயரை அல்ல. லொறிக்கும் பஸ்ஸுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். தனியார் காருக்கு லண்டனில் நடப்பதுபோல் வருடாந்தப் பரிசோதனை இங்கே இல்லை. அதனால்தான் கொழும்பில் பலர் டயருக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது, தம்பி. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ்தான் நாம் எல்லாரும் வண்டி ஓட்டுகிறோம். வீதிக்குத் தகுதியில்லாத நிலையில் வாகனத்தை ஓட்டுவது குற்றம். ஆனால் அந்தச் சட்டம் உங்களைத் தேடி வருவது சாதாரண நாளில் அல்ல, மோதிய மறுநாள். யாருக்காவது காயம் என்றால் வாகனம் பொலிஸ் நிலைய வளவில் நிற்கும். மோட்டார் வாகனப் பரிசோதகர் வருவார். பிரேக், ஸ்டீயரிங், டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதுவார். அதற்கு முன்போ பின்போ என்னைப்போல ஒருவர் காப்புறுதி நிறுவனத்தில் இருந்து வந்து நான்கு டயரையும் படம் எடுப்பார். உங்கள் காப்புறுதிப் பத்திரத்தின் நிபந்தனைகளில், வாகனத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். யாரும் வாசிக்காத வரி. பணம் கேட்டுப் போகும் நாளில் மட்டும் எல்லாரும் அதை வாசிப்பார்கள்.

ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஐப்பசி மழை இரவு, பேஸ்லைன் வீதியில் சிவப்பு நிறக் கூப்பே ஒன்று பின்பக்கம் சுற்றி நடுத்தடுப்பில் ஏறிவிட்டது. ஓட்டிய பையனுக்கு ஒன்றுமில்லை. அடுத்த நாள் கராஜில் போய்ப் பார்த்தேன். "அங்கிள், டயர் போட்டு மூன்று மாதம்தான், பட்டனைப் பாருங்கள்" என்றார் அவர். பார்த்தேன். பின்டயர் இரண்டிலும் பட்டன், அதாவது வீதியில் படும் பள்ளம் வெட்டிய ரப்பர், நன்றாகவே இருந்தது, 5 மில்லிமீற்றருக்குக் குறையாது. ஆனால் நகத்தால் அழுத்தினால் அழிறப்பர் மாதிரி உள்ளே போனது. பட்டனின் ஒவ்வொரு கட்டியிலும் மயிர்போல நெளிநெளியாக வெட்டுகள். பக்கச்சுவரில் ஜப்பானிய எழுத்தில் ஒரு வார்த்தை. வேக எழுத்து க்யூ. திகதி இலக்கம் வெளிப்பக்கம் இல்லை. காரின் கீழே முதுகைக் கொடுத்துப் படுத்து, போன் டோர்ச்சைப் பிடித்து உள்பக்கம் தடவினால் 3809. அதாவது 2009ஆம் ஆண்டின் 38ஆவது வாரம்.

அந்த ஜப்பானிய வார்த்தை "ஸ்டட்லெஸ்". பனிக்கால டயர். ஹொக்கைடோவில் உறைபனியில் இறுகிப்போகாமல் இருக்க வேண்டும் என்று மெதுமையான ரப்பரில் செய்தது. க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீற்றர் வரை. கொழும்பு வெயிலில் அந்த ரப்பர் குழைந்து, மழையில் பிடிப்பை விட்டுவிடும். ஜப்பானில் வசந்தம் வந்ததும் கழற்றி வைத்த டயர்கள் கொள்கலனில் இங்கே வந்து, கறுப்புப் பொலிஷ் பூசி, "ஜப்பான் டயர், பட்டன் 80 வீதம்" என்று விற்கப்படுகின்றன. அந்தப் பையனுக்கு விற்றவர் ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்தாரா என்றுகூட எனக்குத் தெரியாது. பட்டனை அளந்தார், விற்றார். காப்புறுதிக் கோரிக்கை மாதக்கணக்கில் இழுபட்டு, கடைசியில் ஒரு பகுதி வெட்டப்பட்டு வந்தது. அறிக்கையில் டயரைப் பற்றி இருந்தது ஒன்றரை வரிதான்.

ஆகவே உங்கள் இரண்டாவது கடை எனக்கு வேண்டாம். பழைய டயர் எல்லாமே பனிக்கால டயர் அல்ல, சரி. ஆனால் அது எத்தனை வருடம் எங்கே கிடந்தது, எந்தக் குழியில் விழுந்தது, உள்ளே ஒட்டுப்போட்டதா என்று உங்களுக்கோ கடைக்காரருக்கோ தெரியாது. வேகமாகப் போகச் செய்த வண்டிக்கு அது வேண்டாத சூதாட்டம். ரீபில்ட் டயரும், தேய்ந்த டயரில் புதுப் பட்டன் ஒட்டி ஊரில் 'டாக்' என்கிறோமே, அது லொறிக்கு நல்லது. முறையாகச் செய்தால் குறைசொல்ல ஒன்றுமில்லை. உங்கள் 86க்கு அல்ல.

இனிக் கதவைத் திறவுங்கள். சாரதிப் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஜப்பானிய எழுத்துதான், ஆனால் எண்கள் எல்லாருக்கும் பொது. ஜீடீ கிரேட் என்றால் 215/45 ஆர்17 87டபிள்யூ என்று இருக்கும், பக்கத்தில் காற்றழுத்தம் 240 கிலோபாஸ்கல். ஜப்பானில் இதே காரின் ஜீ கிரேட் 205/55 ஆர்16இல் வந்தது. ஆகவே நண்பரின் 86ஐப் பார்த்து அளவு எடுக்காதீர்கள், உங்கள் கதவைப் பாருங்கள். அப்புறம் சீஆர் புத்தகத்தையும், அதாவது வாகனப் பதிவுப் புத்தகத்தையும், ஒருமுறை எடுத்துப் பாருங்கள். டயர் அளவுக்கு முன், பின் என்று அதிலும் கட்டம் இருக்கிறது. பதிவில் இருக்கும் விபரத்தை மாற்றும்படியான எதையும் வாகனத்தில் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது பொதுவான விதி. டயர் விஷயத்தில் அதற்காக நாரஹேன்பிட்டிக்கு அலைந்தவரை நான் கண்டதில்லை. ஆனால் கதவில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் வீலில் இருப்பதும் மூன்று விதமாக இருந்தால், பரிசோதகர் முதலில் அதைத்தான் எழுதுவார்.

215 என்பது அகலம், மில்லிமீற்றரில். 45 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 45 வீதம். ஆர் ரேடியல், 17 ரிம்மின் அங்குலம். இதெல்லாம் கடைக்காரருக்கும் தெரியும். அவர் தாண்டிப் போவது கடைசியில் இருக்கும் 87டபிள்யூவை. 87 என்பது ஒரு டயர் தாங்கும் எடைக்கான சுட்டெண்: 545 கிலோ. 85 என்றால் 515, 84 என்றால் 500, 91 என்றால் 615. இதில் மேலே போகலாம், கீழே போகக் கூடாது. டபிள்யூ என்பது வேக எழுத்து: 270 வரை. அதற்குக் கீழே வீ 240, எச் 210. மேலே ஒய் 300.

"அங்கிள், ஹைவேயிலேயே 100தானே, டபிள்யூ எதற்கு?" என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்பார்கள். ஜப்பான் காரில் 180இல் எஞ்சினே பிடித்து நிறுத்திவிடும் என்றும் சொல்வார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த எழுத்து உங்களுக்கு ஓடக் கொடுத்த அனுமதி அல்ல. அந்த வேகத்தில் எழும் சூட்டைத் தாங்கும்படி உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதற்கான அடையாளம். வேக எழுத்து உயர்ந்த டயரில் கம்பி வளையத்தின் மேல் பெரும்பாலும் நைலோன் உறை சுற்றியிருப்பார்கள், பக்கச்சுவரும் விறைப்பாக இருக்கும். உங்கள் காரின் ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் அந்த விறைப்பை எதிர்பார்த்துச் செய்தவை. பங்குனி வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு தார் வீதி கொதிக்கும்போது மாத்தறை வரை ஒரே மூச்சில் 100இல் போய்ப் பாருங்கள், சூடு என்றால் என்னவென்று டயருக்குத் தெரியும். ஐரோப்பாவில் பனிக்கால டயருக்கு மட்டும் குறைந்த வேக எழுத்தை அனுமதிக்கிறார்கள். அதற்கும் சாரதியின் கண்ணில் படும்படி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கொழும்பில் பனி பெய்யாது. 87டபிள்யூ என்றால் 87டபிள்யூ, அல்லது அதற்கு மேல்.

இந்த அளவில் 91டபிள்யூ எக்ஸ்எல் என்று எழுதியதும் வரும். எக்ஸ்எல் என்றால் கூடுதல் எடை தாங்கக் கட்டிய டயர், தாராளமாகப் போடலாம். ஒரே ஒரு நுணுக்கம்: சாதாரண டயரின் எடைக் கணக்கு 250 கிலோபாஸ்கலில், எக்ஸ்எல் டயரின் கணக்கு 290இல். அந்த 615 கிலோ முழுவதும் வேண்டும் என்றால் காற்றும் கூட வேண்டும். உங்களுக்கு அந்த முழு எடையும் தேவையில்லை என்பதால் கதவில் இருக்கும் 240ஐயே வையுங்கள், குறைக்காதீர்கள். 240 என்றால் கிட்டத்தட்ட 35 பீஎஸ்ஐ. பெற்றோல் செட்டில் ஒன்றும் சொல்லாமல் நின்றால் பழக்கத்தில் 30 அடித்துவிட்டுப் போவார்கள். வாயைத் திறந்து 35 என்று சொல்லுங்கள். டயர் குளிர்ந்திருக்கும்போது. ஓடி வந்த சூட்டில் 39 காட்டுகிறது என்று திறந்து விடாதீர்கள்.

இனி மாமாவுக்கு வருவோம். அவர் சொல்வது அவருடைய ஊரில் சரி. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால், ஐக்கிய நாடுகளின் 30ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி அந்த டயர் அங்கீகாரம் பெற்றது என்று பொருள். எண் எந்த நாடு அங்கீகரித்தது என்பதைச் சொல்லும், எங்கே செய்தது என்பதை அல்ல: 1 ஜேர்மனி, 4 நெதர்லாந்து, 11 பிரித்தானியா, 43 ஜப்பான். பக்கத்தில் ஓடும் இலக்கத்தின் வாலில் எஸ், டபிள்யூ, ஆர் என்ற எழுத்துகள் இருந்தால் ஓசை, நனைந்த வீதியில் பிடிப்பு, உருளும் தடை மூன்றையும் சோதித்திருக்கிறார்கள். இந்த டபிள்யூவையும் வேக எழுத்து டபிள்யூவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நம் மழைக்கு இந்த டபிள்யூ முக்கியம். லண்டனில் தேய்ந்த டயரோடு பிடிபட்டால் டயர் ஒன்றுக்கு 2,500 பவுண் வரை தண்டம், அனுமதிப்பத்திரத்தில் மூன்று புள்ளி. நான்கு டயருக்குக் கணக்குப் பாருங்கள், மாமா ஏன் பதறுகிறார் என்று விளங்கும்.

இங்கே அந்த முத்திரையை நான் வேறு காரணத்துக்காகத் தேடச் சொல்கிறேன். அது உங்கள் சாட்சி. நாளைக்கு "நீ போட்டது என்ன டயர்?" என்று ஒருவர் கேட்டால், யாரோ ஒருவர் சோதித்த டயர் என்று காட்ட அது போதும். சீனாவின் சீசீசீ முத்திரை மட்டும் இருந்தால் அது சீனச் சந்தைக்காகச் செய்த சரக்கு. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் செய்த நல்ல டயர்களிலும் ஈ இல்லாமல் இருக்கும். அவை மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் ஈ இருப்பதும் இல்லாததும் ஒரே விலையில் கிடைத்தால் எதை எடுப்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. சீன டயர் என்றாலே கூடாது என்கிற ஆட்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. உலகப் பெயர் பெற்ற நிறுவனங்களே அங்கே தொழிற்சாலை வைத்திருக்கின்றன. பக்கச்சுவரை வாசியுங்கள், நாட்டின் பெயரை அல்ல.

திகதிக்கு ஒரு பத்தி தருகிறேன், ஏனென்றால் கொழும்பில் இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். டீஓடீ என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு எண்: முதல் இரண்டும் வாரம், பின்னிரண்டும் வருடம். முழு இலக்கம் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் கட்டாயம். மறுபக்கம் நான்கு எண் இல்லாமல் வெறுமனே முடிந்துவிடும். கடைக்காரர் மாட்டும்போது, தெரிந்தோ தெரியாமலோ, திகதி உள்ளே போய்விடும். அதனால் மாட்டுவதற்கு முன்பே, டயர் தரையில் கிடக்கும்போது, இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். 2020க்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் டயருக்கே தட்டுப்பாடு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். ஸ்போர்ட்ஸ் கார் அளவுகள் வேகமாக விலைபோவதும் இல்லை. ஆகவே ஓடாத டயர், லேபலோடு, களஞ்சியத்தில் ஐந்து வருடம் கிடந்தது என்பது இங்கே அதிசயம் அல்ல. தகரக் கூரையின் கீழ் கிடந்த ரப்பர் ஓடாமலே வயதாகும். என் கணக்கு இப்படி: இரண்டு வருடத்துக்குள் என்றால் பேசாமல் வாங்குவேன். மூன்று என்றால் விலை பேசுவேன். அதற்கு மேல் என்றால் நன்றி சொல்லிவிட்டு வருவேன். மாட்டிய பிறகு ஐந்து வருடம் தாண்டினால் வருடத்துக்கு ஒருமுறை ஆளைக் கொண்டு பார்க்கச் சொல்கிறது மிஷெலின் டயர் நிறுவனம்; பத்து வருடத்தில் பட்டன் இருந்தாலும் கழற்றச் சொல்கிறது. நம் வெயிலுக்கு நான் பத்து வரை காத்திருக்க மாட்டேன்.

சரி, 18 அங்குலக் கதை. 215/45 ஆர்17இன் முழு விட்டம் 625 மில்லிமீற்றர். கடைக்காரர் சொல்லும் 225/40 ஆர்18இன் விட்டம் 637. ஏறத்தாழ இரண்டு வீதம் பெரிது. ஸ்பீடோமீற்றர் 100 என்னும்போது முன்பு இருந்ததைவிட 2 கிலோமீற்றர் கூடப் போவீர்கள். உலகம் முடிந்துவிடாது. ஆனால் கார் கொஞ்சம் இறக்கியிருந்தால், முழு ஸ்டீயரிங் வெட்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது உள்மட்கார்ட்டில் உரசும். உரசிய டயரின் தோளில் வட்டமாக ஒரு வெட்டு விழும், அது வெளியே தெரியாது. 18தான் வேண்டும் என்று மனம் நின்றால் 215/40 ஆர்18 கேளுங்கள். விட்டம் 629, அசலுக்கு மிகக் கிட்ட. ஆனால் கவனம்: அந்த அளவில் 85 சுட்டெண் உள்ளதும் வரும், 89 எக்ஸ்எல்லும் வரும். 85 உங்கள் 87க்குக் குறைவு. அளவு சரி என்ற மகிழ்ச்சியில் இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

அலோய் வீலிலும் ஒரு பொறி இருக்கிறது. பஞ்சிகாவத்தையில் "டொயோட்டாதானே, ப்ரியஸ் அலோய் அப்படியே ஏறும்" என்பார்கள். போல்ட் வட்டம் இரண்டுக்கும் 5க்கு 100தான் (ஐந்து போல்ட், 100 மில்லிமீற்றர் வட்டம்), உண்மை. ஆனால் உங்கள் 86இன் ஹப், அதாவது வீல் போய் உட்காரும் நடுப்பகுதி, சுபாருவுடையது, நடு விட்டம் 56.1. ப்ரியஸ் ரிம்மின் நடுத்துளை 54.1. இரண்டு மில்லிமீற்றர் குறுகிய துளைக்குள் ஹப் போகாது. ஒரு கராஜில் பாஸ் (மெக்கானிக்) ஒருவர் அதைக் கிரைண்டரால் பெருப்பித்துக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வட்டம் கோணல்மாணலாக, தீப்பொறி பறக்க. அந்த வீல் நடுவில் நிற்காது, எத்தனை தரம் பலன்ஸ் பண்ணினாலும் 80இல் ஸ்டீயரிங் நடுங்கும். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் என்ற தகட்டை வைத்து டயரை மட்கார்ட்டுக்கு வெளியே தள்ளுவதும் வேண்டாம். ஜப்பானில் 2017இல் விதியைத் தளர்த்தி டயர் மட்டும் 10 மில்லிமீற்றர் வரை வெளியே தெரியலாம் என்றார்கள். ரிம் வெளியே வரக் கூடாது. நம் ஊரில் பொலிஸ்காரர் தூரத்தில் இருந்தே காணக்கூடிய ஒரே டயர்க் குற்றம் இதுதான்.

உண்மையைச் சொன்னால் இந்தக் காருக்கு அகல டயரே தேவையில்லை. இந்தக் காருக்கு டொயோட்டாவில் தலைமைப் பொறியியலாளராக இருந்த டெட்சுயா டாடா வேண்டுமென்றேதான் இதற்கு மிதமான பிடிப்புள்ள மிஷெலின் ப்ரைமசி எச்பீயைப் போட்டார். குறைந்த வேகத்திலேயே கார் அசைவதை ஓட்டுபவர் உணர வேண்டும் என்பது அவர் எண்ணம். மழையில் பிடிப்பு நல்லதாக ஒரு டயர், 17இல், அசல் அளவில். அதற்கு மேல் செலவழிக்கும் காசை பிரேக் பேடில் போடுங்கள்.

நான்கையும் ஒரே வகையில் மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். கையைக் கடித்தால் இரண்டிரண்டாக, ஆனால் ஒரே அச்சில் இரண்டும் ஒரே கம்பனி, ஒரே மாதிரி, ஒரே தேய்வு. புதிய இரண்டு பின்னால் போக வேண்டும். "எஞ்சின் முன்னால், ஸ்டீயரிங் முன்னால், புதுசை முன்னால் போடு" என்று கடையில் சண்டை பிடிப்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். மழையில் முன்டயர் வழுக்கினால் கார் நேரே போகும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பி வரும். பின்டயர் வழுக்கினால் அந்தச் சிவப்புக் கூப்பேதான். உங்கள் கியர்பொக்ஸ் மெனுவல் என்றால் பின்னால் டோர்சன் டிஃப்ரென்ஷியல், அதாவது இரண்டு பின்சக்கரங்களுக்கும் இழுவையைப் பகிர்ந்து கொடுக்கும் கியர், இருக்கிறது. இடதும் வலதும் வேறு வேறு விட்டத்தில் இருந்தால் அது ஓயாமல் வேலை செய்து தேயும்.

மற்ற வண்டிக்காரர்களும் வாசிப்பீர்கள் என்பதால் ஒரு சொல். மிட்சுபிஷி எவோ, சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் போல நான்கு சக்கர இழுவை என்றால் நான்கும் ஒன்றாகத்தான். சுற்றளவு வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்கிறது சுபாரு. ஃபெயர்லேடி இசட் 34க்கு முன்னும் பின்னும் வேறு வேறு அகலம், 18இல் முன் 225/50, பின் 245/45. டயரை முன்பின் மாற்றிச் சுழற்ற முடியாது. பழைய பீஎம்டபிள்யூ இசட்4 ரன்ஃப்ளெட்டோடு (காற்றுப் போனாலும் கொஞ்சத் தூரம் ஓடும் டயர்) வந்தது, ஸ்பெயார் வீல் இல்லை. சாதாரண டயருக்கு மாறினால் பங்சர் கிட்டும் கையடக்கக் கொம்ப்ரசரும் டிக்கியில் இருக்க வேண்டும். பக்கச்சுவரில் நட்சத்திரம் என்றால் பீஎம்டபிள்யூ ஒப்புக்கொண்ட டயர், என்0, என்1 என்று வந்தால் போர்ஷே. அவை கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் சட்ட மீறல் அல்ல. ஆனால் ஒரு அச்சில் என்0 போன்ற குறி உள்ளதும் மறு அச்சில் இல்லாததுமாகக் கலக்காதீர்கள்.

கட்டுக்குருந்தைக்குக் கார்ப் பந்தயத்துக்குப் போகிற தம்பிமாருக்கு: செமி ஸ்லிக்கில், அதாவது பள்ளம் குறைந்த பந்தய டயரில், "போட்டிப் பாவனைக்கு மட்டும்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் அது காலி வீதிக்கு அல்ல. அதில் ஓடி மோதினால் அறிக்கை எழுதுபவருக்கு யோசிக்கவே வேலை இல்லை, டயரே எழுதிக் கொடுத்துவிட்டது. போட்டி டயரை டிக்கியில் போட்டுக்கொண்டு போய் அங்கே மாற்றுங்கள்.

பட்டன் எவ்வளவு வரை? பள்ளத்துக்குள் சிறிய மேடு ஒன்று இருக்கும், தோளில் சின்ன முக்கோணம் அந்த இடத்தைக் காட்டும். அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ஜப்பானிலும் பிரித்தானியாவிலும் அதுதான் சட்டக் கோடு. பிரித்தானியாவில் டயர் அகலத்தின் நடு முக்கால்பங்கில், சுற்று முழுவதும் அந்த ஆழம் இருக்க வேண்டும். மேடு பட்டனோடு சமமாகிவிட்டால் எந்தப் பரிசோதகரிடமும் நீங்கள் வாதாட முடியாது. நான் 3 மில்லிமீற்றரிலேயே கழற்றுவேன். மரைன் டிரைவில் ஒரு மணி நேர மழைக்கு எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று தெரிந்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டிக் கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன. கார் டயரில் அந்த ஆழத்துக்கு ரப்பரே கிடையாது, கம்பிதான் வரும்.

மாட்டும் நாளில் அவசரப்படாதீர்கள். அவுட்சைட் என்று எழுதிய பக்கம் வெளியே, அம்புக்குறி இருந்தால் ஓடும் திசையில். வால்வும் புதிது. நட்டை காற்றுத் துப்பாக்கியால் இறுக்கிவிட்டு விடாமல், டோர்க் ரெஞ்சில் 120 நியூட்டன் மீற்றர் வைக்கச் சொல்லுங்கள், 100 கிலோமீற்றர் ஓடி மறுபடி பாருங்கள். எலைன்மென்ட் கட்டாயம். நைதரசன் வேண்டுமா என்று கேட்பார்கள்; வேண்டாம், சாதாரணக் காற்றை மாதம் இருமுறை பார்த்தாலே போதும். புது டயரின் மேல் தொழிற்சாலை வார்ப்பு அச்சில் இருந்து எடுக்கப் பூசிய வழுவழுப்பு கொஞ்சம் இருக்கும், முதல் இருநூறு கிலோமீற்றர் மழையில் விளையாடாதீர்கள்.

பில் எழுதும்போது கம்பனி, மாதிரி, முழு அளவு, 87டபிள்யூ அல்லது 91டபிள்யூ, நான்கு டயரின் நான்கு இலக்கத் திகதி, காரின் பதிவு இலக்கம் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள். "டயர் 4" என்று ஒரே வரியில் எழுதித் தருவதுதான் வழக்கம். கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்பார். நில்லுங்கள், எழுதட்டும். அந்தப் பில்லைப் படம் எடுத்து, சீஆர் பிரதியோடு சேர்த்துப் போனில் வையுங்கள். கையுறைப் பெட்டியில் வைத்த கடதாசி, விபத்தான காரோடு பொலிஸ் வளவில் நிற்கும்போது உங்கள் கைக்கு வராது.